பழைய ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு பூஜை

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: என் தம்பி ராஜமாணிக்கம், அவன் பெண்டாட்டி சுலோச்சனா, குரும்பகரத்திலிருந்து வந்திருந்த அவள் அம்மா மரகதம், கம்ப்யூட்டர் மெக்கானிக் ஹமீது, அப்புறம் அடுப்படியில் நான்.

வேறு யாரும் இல்லை. (நானும் இருந்தேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்!)

இப்போது எதற்கு இந்தக் கதை என்றால், இன்று காலை இங்கே ஒரு குரூப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தது. டெஸ்க்டாப்பில் செகண்ட் ஹேண்ட் ஹார்டு டிஸ்க் மாட்டலாமா, யாருக்காவது அனுபவம் உண்டா என்று.

எனக்கு உண்டு!

தாராளமாக மாட்டலாம். பூஜை மட்டும் போடாதீர்கள்.

எண்பதுகளின் கடைசி. கோவில்பத்தில் தம்பி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தான். முன்கட்டில் மெஷின்கள், பின்கட்டில் நாங்கள். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு வரிச்சிக்குடி வீட்டைப் பூட்டிவிட்டு தம்பியோடுதான் இருந்தேன். வேறு போக்கிடம் இல்லை.

அத்தனை டைப்ரைட்டரையும் பிரஷ் வைத்துத் துடைத்து எண்ணெய் போடுவது நான்தான். (படித்தது மூன்றாவது வரை. இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எனக்குத் துடைத்துத்தான் பழக்கம்!)

டைப்பிங்குக்கு இனிமேல் ஆள் வராது என்று தம்பி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். அதில் ஹார்டு டிஸ்க் கிடையாது. ஃபிளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டுப் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. பாண்டிச்சேரியில் ஏதோ ஒரு ஆபீஸில் கழற்றிப் போட்ட டிஸ்க் கிடைத்தது. துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தான்.

செங்கல் கனம்!

வெள்ளிக்கிழமை ஹமீது வந்தார். கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றி, டிஸ்க்கை மாட்டி, ஒயரைச் செருகி, சுவிட்சைப் போட்டார். கிர்ரென்று சுற்றிய சத்தம் அடுப்படி வரை கேட்டது.

"ஓடுதுண்ணே! ஆஃப் பண்ணிட்டேன், மூடாம அப்படியே இருக்கட்டும். ஜும்மா முடிச்சிட்டு வந்து மிச்சத்தப் பாக்குறேன்."

அவர் அந்தப் பக்கம் போனதும் மரகதம் பூஜைக்கு எழுந்துவிட்டாள்.

சுலோச்சனா என்னிடம் வந்தாள். "அண்ணி, பூஜை முடியிற வரைக்கும் உள்ளயே இருங்களேன். அம்மா ஒரு மாதிரி."

தாலி அறுத்தவள் நல்ல காரியத்தில் எதிரே வரக்கூடாது. அதைச் சொல்ல ஒரு மாதிரி என்ன, ரெண்டு மாதிரி என்ன! (சந்தனம் மட்டும் நான் அரைத்துக் கொடுக்கலாம்.)

உள்ளேயே இருந்தேன். மரகதத்தின் குரல் மட்டும் வந்தது.

"அடுத்தவங்க ஆபீசுல கெடந்த சாமான். எவன் எவன் தொட்டானோ! பன்னீர நல்லாத் தெளிடி. இந்தா, இந்த இடுக்குலயும் தெளி."

சூடம் மணத்தது. அதற்கு மேல் பன்னீர் மணத்தது.

ஹமீது வெயிலில் திரும்பி வந்தார். எதிரே வரக்கூடாதவள் நான் என்று அவருக்கு யார் சொல்வது?

"அக்கா, குடிக்க கொஞ்சம் தண்ணி தாங்களேன்!"

செம்பை எடுத்துக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தேன். அவர் சுவிட்சைப் போட்டார்.

டப்!

கருகல் வாடை. டிஸ்க் சுற்றவில்லை. மறுபடி போட்டார், மறுபடியும் இல்லை.

மரகதம் டிஸ்க்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா மாப்ள? ஓடிக்கிட்டிருந்த சாமான்! இவ வந்து நின்னா, அது நின்னுபோச்சு."

"அவரு தண்ணி கேட்டாரும்மா," என்றேன்.

"கேட்டா? எம் பொண்ணுகிட்டக் குடுத்தனுப்பத் தெரியாதா ஒனக்கு?"

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ உள்ள போக்கா."

செம்போடு உள்ளே போனேன். ஹமீது தண்ணீர் குடிக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லையில் பேச்சுச் சத்தம். அடுப்படி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஹமீது கை கழுவிக்கொண்டிருந்தார். தம்பி பக்கத்தில் நின்றான்.

"அண்ணே, கழட்டிப் பாத்துட்டேன். சர்க்யூட் பூரா பன்னீரு. ஈரத்தோட கரண்டு போனா என்ன ஆவும்? வாசமே அடிக்குது, மோந்து பாருங்க."

தம்பி மோந்து பார்த்தானோ என்னவோ.

"உள்ள சொல்லிடாதீங்க ஹமீது," என்றான். "அத்தை சங்கடப்படுவாங்க."

"அப்ப அக்கா?"

"அக்கா பொறுத்துக்கும்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். குழம்பு கொதித்ததா இல்லையா என்றுகூட இப்போது நினைவில்லை. (எனக்கு நினைவில்லாதது அது ஒன்றுதான்!)

அந்த மாதமே சொல்லிவிட்டான். "கொஞ்ச நாள் வரிச்சிக்குடில இருந்துட்டு வாக்கா. அத்தை கோவம் தணியட்டும்."

காதில் விழுந்ததை நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் வாயால் சொல்வான் என்று இருந்தேன். பஸ் ஏற்றிவிடும்போது சொல்வான் என்று பார்த்தேன். ஜன்னல் ஓரமாக உட்காரு என்றான்.

பூட்டைத் திறந்து தனியாக உள்ளே போனேன். ஒரு ஆளுக்கு உலை வைக்கத் தெரியாமல் சோறு மிஞ்சிக்கொண்டே இருந்தது. உப்பு கூடிவிட்டது என்று சொல்லவும் ஆள் இல்லை. தகரத்தில் மழை விழுந்தால் சாயங்கால டைப்பிங் பேட்ச் ஆரம்பித்துவிட்டது என்று எழுந்துவிடுவேன். எழுந்து நின்ற பிறகுதான் தெரியும், துடைக்க ஒரு மெஷினும் இல்லை என்று.

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை!

ஒரு பெருநாளுக்கு ஹமீது பிரியாணியோடு வந்தார். "அன்னைக்கே நான் எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கணுங்கக்கா," என்று கண் கலங்கினார். அவர்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

சுலோச்சனாவுக்கு விஷயமே தெரியாது. அவளை என்ன சொல்ல?

மரகதம் செத்தபோது குரும்பகரம் போய் அழுதுவிட்டே வந்தேன். அவள் நம்பியதைச் சொன்னாள். பொய் சொல்லவில்லை.

தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவன் ஒருத்தன். பொங்கலுக்குப் பொங்கல் போன் போட்டு, "நல்லாருக்கியாக்கா?" என்று கேட்கிறான். நான் என்ன எழுதினாலும் படிக்காமலே முதல் லைக் போடுகிறான். இதற்கும் போடுவான், பாருங்கள்.

இதை மட்டும் முழுசாகப் படித்துவிட்டுப் போடட்டும். நான் மன்னிக்காத ஒரே ஆள் அவன்தான், என் கூடப்பிறந்த ராஜமாணிக்கம்.