மேல லயன், கீழ லயன்

மழைச் சத்தத்துக்குள் இஞ்சின் விசில் கேட்டால் இன்றும் நான் துள்ளி எழுந்துவிடுவேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள், "என்ன முத்தையாண்ணே, இத்தனை வருஷம் பாயிண்ட்மேனா இருந்துட்டு விசிலுக்குப் பயப்படுறீங்களே" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அன்றைக்கு நான் நின்ற இடத்தில் இவர்கள் நின்றிருந்தால் இப்படிக் கேலி பேச வாய் வந்திருக்காது.

1. ஸ்டேஷன் இருந்த விதம்

ரங்கூனுக்கு வடக்கே, இன்செயின் தாண்டி, வயலுக்கு நடுவில் இருந்தது எங்கள் ஸ்டேஷன். தெற்கு வடக்காக ஒரே தண்டவாள லயன். கிழக்கே ஒரு தகரக் கொட்டகை, அதுதான் ஆபீஸ். அதன் முன்னால் மண்மேட்டுப் பிளாட்பாரம். பிறகு பக்கத்தில் அரிசி ஆலை வந்தது, வண்டிகள் கூடின. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டுமே, அதற்காக வயலோரம் இரண்டாவது லயன் போட்டார்கள்.

ஆபீஸ் ஓரத்து லயனுக்கு ரயில்வேக்காரர்கள் வைத்த பெயர் அப். ரங்கூனிலிருந்து வருகிற வண்டி அதில் நிற்கும். வயலோரத்து லயன் டவுன். ரங்கூனுக்குப் போகிற வண்டி அதில் நிற்கும்.

ஆனால் லயன் போட்ட கேங்கில் முக்கால்வாசிப் பேர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள். எங்கள் ஊர்களில் மேல வீதி என்றால் மேற்கு வீதி, கீழ வீதி என்றால் கிழக்கு வீதி. அதே பழக்கத்தில் மேற்கே வயலோரம் இருந்ததை மேல லயன் என்றோம், கிழக்கே ஆபீஸ் ஓரம் இருந்ததைக் கீழ லயன் என்றோம். போர்ட்டர், கூலி, டீக்கடைக்காரன் எல்லார் வாயிலும் அதுதான். பழைய ஸ்டேஷன் மாஸ்டர் உத்தரவு கொடுக்கும்போது மட்டும் அப், டவுன் என்பார். அதனால் ஒரு குழப்பமும் வரவில்லை.

லயன் இரண்டாகப் பிரிகிற இடத்தில் லீவரை இழுத்து வண்டியைத் திருப்பிவிடுவதுதான் பாயிண்ட்; தெற்கு முனைப் பாயிண்ட் கோவிந்தனுடையது. வடக்கு முனை என்னுடையது.

2. அந்த மழைநாள்

பழைய மாஸ்டர் மாற்றலாகிப் போய், மதராஸிலிருந்து சுந்தரம் மாஸ்டர் வந்தார். தங்கமான மனுஷர். எங்களிடம் இங்கிலீஷ் விட மாட்டார். "நம்ம ஆளுங்ககிட்ட எதுக்குப்பா அதெல்லாம்" என்பார். அந்த நல்ல குணம்தான் அன்றைக்கு எங்கள் உயிரை வாங்கப் பார்த்தது.

என் மனைவி மா மியா, பர்மாக்காரி, பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. அன்று பகல் லோக்கலில் தாயும் பிள்ளையும் வடக்கேயிருந்து வந்தார்கள். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. லோக்கலை டவுனில் எடுக்கச் சொல்லி, வழக்கம்போல மாஸ்டர் எழுதிய உத்தரவுச் சீட்டு போர்ட்டர் கையில் நனைந்து வந்தது. நான் வயலோர லயனுக்குப் பாயிண்ட் போட்டேன். வண்டி உள்ளே வந்து நின்றது. தலைப்பாகையைப் பிழிந்து கட்டிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடினேன்.

மாஸ்டர் கொட்டகையிலிருந்தபடியே சிரித்தார். "இன்னாப்பா, பொண்ணைப் பாக்க அவசரமா? கொஞ்சம் இரு. ரங்கூன்லேர்ந்து கூட்ஸ் வருது, உள்ளே வரலாம்னு கைகாட்டி எறக்கியாச்சு. அது வந்து நிக்கட்டும். நடுவுல யாரும் லயனைத் தாண்டக் கூடாதுன்னு எல்லாரையும் வண்டியிலேயே உக்காரச் சொல்லிட்டேன்."

"சரிங்க மாஸ்டர்."

"சீட்டு நனையுதுன்னு கோவிந்தனுக்கு வாயாலயே சொல்லி அனுப்பிட்டேன், கூட்ஸை மேல லயன்ல விடுன்னு."

"எதுலங்க?"

"மேல லயன்பா. அப் லயன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப் என்றால் மேலே என்று மாஸ்டர் தமிழ்ப்படுத்தியிருக்கிறார். கோவிந்தனுக்கோ மேல லயன் என்றால் வயலோரம். அங்கேதான் லோக்கல் நிற்கிறது. மழைத்திரையில் தெற்கு முனையிலிருந்து அவனுக்கு அது தெரியாது. கூட்ஸ் நேராக அதன் முகத்தில் வந்து மோதும்.

"மாஸ்டர், கைகாட்டியைத் தூக்குங்க! மேலன்னா அவனுக்கு மேற்கு!" என்று கத்திவிட்டுப் பிளாட்பாரத்திலிருந்து குதித்தேன். அப்போதே விசில் கேட்டது. கூட்ஸ் கைகாட்டியைத் தாண்டிவிட்டது.

இரண்டு லயனுக்கும் நடுவே, ஜல்லியில் கால் இடற இடற ஓடினேன். லோக்கல் இஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் ஜன்னல் பலகையைத் தள்ளிக்கொண்டு மா மியா தலையை நீட்டினாள். மார்பில் துணி மூட்டை மாதிரி ஏதோ இருந்தது. அதுதான் என் பிள்ளை.

"கோ முத்து! இதோ பாப்பா! எங்கே ஓடுறே?" என்றாள். கோ என்பது பர்மாக்காரர்கள் ஆண்பிள்ளையை மரியாதையாகக் கூப்பிடுவது.

நிற்கவில்லை. இறங்கு என்று சொல்லக்கூட நினைத்தேன். அவளை மட்டும் இறக்கி என்ன செய்வது, வண்டி நிறைய ஆட்கள். சொல்ல மூச்சும் இல்லை. ஐயோ, அந்த ஜன்னலைத் தாண்டி ஓடின ஓட்டம் இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக் கூடாது. அப்புறம் மழைக்குள் கோவிந்தன் லீவர் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. அவனுக்குப் பின்னால் இஞ்சின் விளக்கு வந்துகொண்டிருந்தது.

"கோவிந்தா! கீழ லயன்! கீழ லயன் போடு!"

ஏன், எதற்கு என்று கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கேட்கவில்லை, மகராசன். உடம்பு முழுவதையும் சாய்த்து லீவரை இழுத்தான். பாயிண்ட் மாறி விழுந்த சத்தமும் இஞ்சின் சக்கரச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. கூட்ஸ் ஆபீஸ் பக்கம் திரும்பி என்னை உரசுகிற மாதிரி போயிற்று. நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

கோவிந்தன் வந்து, "மாஸ்டர் மேல லயன்னுதானேய்யா சொன்னாரு?" என்றான். லோக்கல் நிற்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. அப்படியே என் தோளைப் பிடித்துக்கொண்டான். 

3. அதற்குப் பிறகு

மாஸ்டர் சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு எங்களைக் கூப்பிட்டு, "இனிமே நான் எந்த லயன் சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லுங்கப்பா. கையை நீட்டி எந்தப் பக்கம்னு காட்டுங்க. நானும் காட்டுறேன்" என்றார். சொன்னபடியே செய்தோம். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அது ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்வது போதாது. கை இரண்டும் ஒரே பக்கம் நீள வேண்டும்.

அன்று லோக்கலிலிருந்து இறங்கியதும் மா மியா என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் கூட்ஸ் வண்டியைப் பார்க்க ஓடின தகப்பன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்றாள். மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது, இன்னமும் சொல்லிக்காட்டுகிறாள். சொல்லிக்கொள்ளட்டும். அவள் உட்கார்ந்திருந்த இடம் எது என்று அவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.