எழுபது சேராத குவியல்கள்

கோகிலாவுக்கு முதல் அடி கல்யாணமான மூன்றாம் மாதமே விழுந்தது. குழம்பில் உப்புக் கூடிவிட்டதாம். மலைமேல் வாழவந்தி நாட்டிலிருந்து நாமக்கல் போய்க் கணக்கில் பட்டம் வாங்கிய பெண் அவள். புருஷன் தனபால் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிச் சேந்தமங்கலத்துக்கு வண்டி ஓட்டுபவன். படித்தவளைக் கட்டியதில் அவனுக்குப் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. குடித்தால் எரிச்சல் மட்டும் மிஞ்சும். ஒருமுறை அவளுக்குப் பல் போயிற்று. இன்னொருமுறை வயிற்றிலிருந்த கரு போயிற்று.

சாயங்காலங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். அந்த வீட்டில் அவள் குரல் ஓங்கிக் கேட்பது அப்போதுதான்.

போன பலாக் காலத்தில் ஒருநாள், வாசலில் பலாக்கொட்டைகளைக் குவித்து வைத்தாள். எழுபதை மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் எழுபதைத் தவிர மற்றவை: ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு, பத்து, பதினான்கு, முப்பத்தைந்து. எண்ணுக்கொரு குவியல்.

"எல்லாத்தையும் கூட்டுனா எழுபத்திநாலு. எந்தக் குவியலையும் கலைக்காம, வேணுங்கறதை மட்டும் சேத்து எழுபது கொண்டாங்க பாப்போம்."

பிள்ளைகள் முட்டி மோதினார்கள். மோனிஷா என்ற சிறுமிக்கு அறுபத்தொன்பது வந்தது. குவியல்களை மாற்றி வைத்தாள், எழுபத்தொன்றுக்குத் தாவியது. வண்டியை நிறுத்திவிட்டு வந்த தனபால், "தள்ளுங்க, இது ஒரு கணக்கா?" என்று உட்கார்ந்தான். சாராய வாடை அடித்தது. சேர்த்தான், பிரித்தான், மறுபடி சேர்த்தான். மோனிஷா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"வராதுங்க," என்றாள் கோகிலா மெதுவாக. "மொத்தத்துல நாலு குறையோணும். ஒண்ணும் ரெண்டும் சேந்தா மூணு, அதுக்கு மேல அஞ்சு. நாலுக்கு வழியே இல்லீங்க. வகுக்கற எண்ணையெல்லாம் கூட்டுனா மிஞ்சியும், பிரிச்சா இப்படிச் சேராத எண்ணுல எழுபதுதான் ஆகச் சின்னது."

"வராதுன்னு தெரிஞ்சே என்னைய உக்கார வெச்சியாடி?"

குவியல்களை எட்டி உதைத்தான். வண்டியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்து வீசினான். தடுத்த அவள் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் பிள்ளைகளுக்கே கேட்டது. அடுத்த அடி முதுகில். அவள் குப்புற விழுந்தாள். பிள்ளைகள் அலறிச் சிதறினார்கள். அவன் மோனிஷாவின் சடையைப் பிடித்து இழுத்தான்.

"யாரைப் பாத்து சிரிச்ச?"

அத்தனை வருஷமும் வாங்கிக்கொண்டே இருந்தவள் அந்தக் கணம் எழுந்தாள். பலா அறுத்த கொடுவாள் பால் பிசுபிசுப்போடு சுவரோரம் கிடந்தது. இடது கையால் எடுத்து அவன் தோளில் இறக்கினாள். கம்பி நழுவியது. இன்னொரு வெட்டு. சடையை விட்டான். ரத்தம் கொட்டைகளின் மேல் கொழகொழவென்று ஓடியது. மூன்றாவதற்கு ஓங்கிய கையை, மரவள்ளிக் காட்டிலிருந்து ஓடிவந்த மாமியார் பெருமாயி பிடித்துக்கொண்டாள்.

"போதும் கண்ணு. செத்துருவான்."

இருவரையும் ஒரே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போலீஸ் கேட்டபோது, "நான்தாங்க வெட்டினேன்," என்றாள் கோகிலா. பெருமாயி இடைமறித்தாள்: "எம்மவன் மொதல்ல இவ கையை ஒடிச்சானுங்க. அந்தப் புள்ளையையும் கொன்னிருப்பான். எங்க வேணா வந்து சொல்றேன்."

தனபால் பிழைத்துக்கொண்டான். வழக்கு இன்னும் நடக்கிறது. ஜாமீனில் வந்த கோகிலா இப்போது சேந்தமங்கலத்தில் அறை எடுத்து டியூஷன் நடத்துகிறாள். மணிக்கட்டு கோணலாகக் கூடியதால் இடது கையால் எழுதப் பழகிவிட்டாள்.

சென்ற வாரம் பஸ் ஸ்டாண்டில் அவன் வண்டி எதிரே வந்து நின்றது. இருவரும் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கண்ணைத் திருப்பியவன் அவன்தான். வண்டி போன பிறகும் அவள் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு, மூன்றாவதில்தான் ஏறினாள்.