முன் இடது சக்கரம்

எங்கள் காரின் பிரேக் கிறீச்சிடுகிறதா, இல்லையா? மூன்று வாரமாக என்னிடம் இதற்குப் பதில் இல்லை.

எனக்குக் கேட்கிறது. பள்ளி வாசலில் வேகம் குறைக்கும்போதும், சுரங்கப்பாதைச் சரிவில் இறங்கும்போதும், தகரத்தில் ஆணியால் கோடு இழுத்த மாதிரி. மெக்கானிக்கிடம் இரண்டு முறை கொண்டுபோனேன். அவர் ஓட்டினால் வண்டி வாயே திறப்பதில்லை, டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தை மாதிரி. நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். காலையில் வண்டி கழுவுகிற ஈரம்தான் காரணமாம். சாயங்காலமும் கேட்கிறதே என்றேன். பொறுமையாகச் சிரித்தார். சென்னையில் வேலையாக இருக்கும் கணவர் போனில், "நீ ஒழுங்கா தூங்குறியா?" என்று கேட்டார். பக்கத்து சீட்டில் வரும் அப்பாவோ, "ஒண்ணும் கேக்கலையேம்மா, வண்டி வெண்ணெ மாதிரி போவுது" என்கிறார். நான் இரண்டாவது கியரிலேயே ஊர்கிறேன். பின்னால் ஊரே ஹார்ன் அடிக்கிறது.

கேட்கிறது என்று சொல்லும் ஒரே ஆள் என் மகள். ஏழு வயது. போன ஞாயிறு அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்து, ஜன்னலை இறக்கி, எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி பிரேக் போட்டேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"லெஃப்ட்தாம்மா. முன்னாடி."

உடனே சொல்லிவிட்டாள். ஆனால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. ரியர்வியூ கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அது என்னுடையது.

இறங்கி அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன். சூடான இரும்பு வாசனை. அந்த வாசனை வந்தால் எனக்கு, நான் வளர்ந்த கசார்வாடியில் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். அப்பா அங்கே ஒரு தகரப் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டினார். எங்களிடம் மூன்றாவது கைக்கு வந்த வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. அதற்குள் நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட அதன் அடியில் அப்பா படுத்திருந்த நேரம் அதிகம். அம்மா அவரை 'மெக்கானிக் சார்' என்றுதான் கூப்பிடுவாள். மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு வந்தால், மெக்கானிக் சாருக்குத் தனித்தட்டு என்பாள்.

பிரேக் சத்தம் போட்டால் கண்டுபிடிக்க அப்பாவிடம் ஒரு வழி இருந்தது. விடுமுறை நாளில் மூடிக் கிடக்கும் கம்பெனியின் நீளமான சுவரை ஒட்டி அவர் காரை ஊர்ந்து ஓட்டுவார். இடது சக்கரத்தோடு நான் நடப்பேன், வலது சக்கரத்தோடு அம்மா, முந்தானையைச் செருகிக்கொண்டு. தெருவே வேடிக்கை பார்க்கும். எனக்கு ஒன்பது வயதான அந்த ஞாயிறு, குழம்பு அடுப்பில் இருக்கிறது என்று அம்மா வரவில்லை. நான் மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

"ஆவாஸ் எந்தப் பக்கம் வருது, பாப்பா? நல்லா கேட்டுச் சொல்லு."

சத்தம் சுவரில் பட்டு எல்லாப் பக்கமும் வந்தது. மூன்றாவது நடையில் அப்பாவின் குரல் தடித்தது. பள்ளியில் தெரியாது என்றால் நிற்க வைப்பார்கள். எதையாவது சொன்னால் உட்காரலாம். "லெஃப்ட்" என்றேன்.

துருப்பிடித்த போல்ட்டோடு அன்று பகல் முழுவதும் போராடினார். இடது பக்கத்தில் குறை ஒன்றும் இல்லை. தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினார். வலது பக்கத்தையும் பார்த்துவிடச் சொன்னாள் அம்மா.

"புள்ள காதால கேட்டுச் சொல்லுது. அப்புறம் என்ன?"

அடுத்த ஞாயிறு கடக்வாஸ்லா அணைக்குப் போனோம். சுட்ட சோளம் தின்றுவிட்டுத் திரும்பும்போது, ஒரு சரிவில் அப்பா பிரேக்கை மிதித்தார். கார் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ஓரக் கல்லில் மோதியது. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்தது. பிறகு பார்த்தால், வலது சக்கரத்தின் பிரேக் பேடு இரும்பு வரை தேய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பா, "தப்பான பக்கத்தக் கழட்டிட்டேன்" என்றார். நீதானே சொன்னாய் என்று என்னைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. காரை விற்றார், ஜாக்கியையும் ஸ்பானர்களையும் யாருக்கோ கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியையும் தொடவில்லை. கோணலாகச் சேர்ந்த கையை விருந்தாளிகளிடம் தூக்கிக் காட்டி அம்மா, "மெக்கானிக் சார் போட்ட வளையல்" என்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் தட்டு எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விடுவேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் காது டாக்டர் ஒரு தாளைக் காட்டிச் சொன்னார், கீச்சென்ற சத்தங்கள் அப்பாவுக்குப் பல வருடமாகவே கேட்டிருக்காது என்று. பட்டறை இரைச்சல் தின்றுவிட்டது. அந்தச் சத்தத்தை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தச் சுவர் இப்போது இல்லை, அங்கே பத்து மாடி நிற்கிறது. பட்டறை போயிற்று. வலது சக்கரத்தோடு நடக்க அம்மாவும் இல்லை. அப்பாவுக்கு இப்போது பேச்சே பாதிதான் கேட்கிறது.

நாளை திங்கட்கிழமை. எட்டு மணிக்கு மூன்று பேரும் அந்தச் சரிவில் இறங்க வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் வண்டி தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: மெக்கானிக் முன்னால் வராத சத்தத்தை அவருக்கு எப்படிக் கேட்க வைப்பது? குழந்தை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: "தெரியலைம்மா" என்று என் மகள் பயப்படாமல் சொல்ல, நான் எந்த முகத்தோடு கேட்க வேண்டும்? அந்த 'லெஃப்ட்' பற்றி அப்பாவிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாக வாய் வரை வருகிறது. அவரிடம் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது, கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினால் பின்சீட்டில் இருப்பவளுக்கும் கேட்கும். கேட்கட்டுமா?