கொண்டை ஊசி வளைவில் போட்ட அட்டவணை

ஏலக்காய் ஸ்டோர் வேலையை விட்டுவிட்டு, போடிமெட்டிலிருந்து மழையில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற ஜீப்பில் ஏறிக்கொண்டேன். ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். பெரிய தொப்பை, அதற்கு மேல் பனியன் மட்டும். மறுநாள் மேலே எஸ்டேட்டில் வாலிபால் போட்டி. நடத்துபவர் அவர்தான், ஓர் அணிக்குக் கேப்டனும் அவர்தான். கோப்பை வாங்கப் போடிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வளைவிலும் ஒரு கையை எடுத்து, ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் கோடு இழுத்து அட்டவணை போட்டார். நான் முன்னாலிருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"தோத்தா வெளியேன்னு வச்சா, எங்க டீமு வருசாவருசம் காலைப் பலகாரத்துக்கு முன்னாடியே வெளிய வந்துருது, தம்பி. இந்தத் தடவையும் அப்படின்னா டீமையே கலைச்சுருவோம்னு பயலுக சொல்லிட்டாய்ங்க."

"எல்லாரும் எல்லாரோடயும் ஆடுனா?"

"எட்டு டீமுப்பா. மூணு மணிக்கு மஞ்சு எறங்கிரும். அப்புறம் பந்தைத் தேடத்தான் ஆள் வேணும்."

"மொதல்ல தோத்த நாலு டீமும் அவங்களுக்குள்ள ஆடட்டுமேண்ணே."

வளைவின் நடுவிலேயே பிரேக் போட்டார். "அப்ப நாங்க ரெண்டு தடவ தோக்கலாமா!"

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ எந்த எஸ்டேட்டு?"

"இப்ப எதுவும் இல்லண்ணே."

"அப்ப நீதான் அம்பயர்."

மறுநாள் காலை விசிலோடு ஸ்டூல் மேல் நின்றேன். அவர் அணி முதல் ஆட்டத்தில் படுதோல்வி. தோற்ற கையோடு, "அடுத்தது எப்பப்பா?" என்று என்னிடம் கேட்டவரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, ஜெயித்தவர்கள் யாரிடமும் நான் பார்க்கவில்லை.