பயோடேட்டாவில் போட்ட நம்பர்

பி.காம் முடித்ததும் பயோடேட்டா அடிக்க மலையிலிருந்து ஒடுகத்தூருக்கு இறங்கினேன். பிரவுசிங் சென்டரில் இருந்த அக்கா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான். நான் எழுதிக்கொண்டு போன இரண்டு பக்கத்தை ஒரே பக்கமாக்கினார். ‘கடின உழைப்பாளி’ என்ற வரியை என்னைக் கேட்காமலே அழித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“இத்த எல்லாரும்தான் போட்றாங்க. டேலி படிச்சிருக்க இல்ல, அத்த மேல போட்றேன்,” என்றவர், போன் நம்பர் வந்ததும் நிறுத்தினார். “உங்க வூட்டாண்ட டவர் எடுக்குமா?”

“இல்லக்கா. பாறை மேல ஏறினாதான் எடுக்கும்.”

“கம்பெனில கூப்புட்ற நேரத்துக்கு நீ பாறை மேலயே குந்தினு இருப்பியா?” என்று திட்டிக்கொண்டே தன் நம்பரைப் போட்டார்.

சில நாள் கழித்து, எங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டர் வந்து நேர்காணல் தேதியைச் சொன்னார். அக்காதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

வேலூரில் நேர்காணல் செய்தவர், “உங்க அக்கா ரொம்பப் பொறுப்பா பேசினாங்க,” என்றார். வீட்டில் நான்தான் மூத்தவள். ஆனாலும், “ஆமாங்க,” என்றேன்.

முதல் சம்பளத்தில் இனிப்பு வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். டப்பாவை நீட்டுவதற்குள் அவருடைய போன் அடித்தது. என்னை இருக்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு எடுத்தார்.

“ஆமாங்க, நர்சிங் முடிச்ச பொண்ணுதான், கரெக்டான நம்பர்தான். மலையில அவளுக்கு டவர் எடுக்காதுங்க. நான் அவ அக்காதான் பேசறேன், சொல்லுங்க.”