கொம்புக்குள் இருந்த புனுகு

வெந்தயம் சிவக்கிற வாசனைக்கும் அது கருகுகிற வாசனைக்கும் நடுவே இருக்கிற நேரம் மிகக் கொஞ்சம். கண் சிமிட்டினால் தவறிப்போகும். என் சிறுவயதில் அந்தக் கொஞ்ச நேரத்தைக் காவல் காப்பதுதான் எனக்கு வேலை. அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டு அடுப்படியில், ஈஸ்வரி அத்தை தாளிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மூக்கை நீட்டிக்கொண்டிருந்து, சரியான சமயத்தில் "போதும்" என்று கத்துவேன். அத்தை புளித்தண்ணீரைச் சட்டியில் ஊற்றுவாள்.

ஈஸ்வரி அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அம்மா விடியுமுன்பே ஜீப் ஏறி மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவதால், சமையல் முழுவதும் அத்தை கையில்தான் இருந்தது. ஒரு கார்த்திகை அடைமழையில் வந்த கடுங்காய்ச்சல் அவளைப் பாயோடு பாயாகப் போட்டு வாட்டிவிட்டு, இறங்கும்போது அவளுடைய மோப்பத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. நாக்குக்கு உப்பும் உறைப்பும் புளிப்பும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பால் திரிந்திருந்தாலும் தெரியாது, மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். தேனியில் பார்த்த டாக்டர், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று சொல்லிவிட்டார். அன்றுமுதல் அத்தைக்கு நான்தான் மூக்கு. "ஆத்தா, இந்தச் சோத்த மோந்து பாரு", "ஆத்தா, என் தலையில சீயக்காய் வாசம் இருக்கா" என்று நாள் முழுக்க என்னைக் கூப்பிடுவாள். நானும் பெரிய மனுஷிபோலத் தீர்ப்புச் சொல்வேன்.

இது வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பான உத்தரவு. "பொண்ணுக்குக் குறைன்னு ஊரெல்லாம் கெளப்பி விட்ருவாக, வாயத் தொறக்காத" என்பாள். அதனால்தான் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து முருகேசன் மாமா வீட்டார் வந்து அத்தைக்குப் பூ வைத்துவிட்டுப் போனபோதும் யாரும் அவர்களிடம் மூச்சு விடவில்லை. மாமா அங்கே ஜீப் ஒர்க் ஷாப் வைத்திருந்தார். அவருக்கு அப்பா இல்லை, அம்மா பேச்சியம்மா மட்டும்தான். மறைத்து வைத்ததில் அத்தைக்கு மனசே இல்லை. பூ வைத்த அன்று தலையில் இருந்த மல்லிகைச் சரத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பங்குனியில் கல்யாணத்துக்கு ஏலம், கிராம்பெல்லாம் வாங்கக் குமுளிக்குப் போகிறோம், பொண்ணையும் அனுப்புங்க என்று பேச்சியம்மா சொல்லியனுப்பினார். அத்தைக்குத் துணையாக நான் போனேன். மாமாவின் ஜீப், வளைவு வளைவாக மலையேறியது. சாமான் வாங்கி முடித்ததும் மாமா வெட்கத்தோடு, "இங்கன புதுசா ஒரு மியூசியம் தெறந்திருக்காக. செண்டு, அத்தரெல்லாம் எப்பிடிச் செய்றாகன்னு காட்றாகளாம். பாத்துட்டுப் போவமா?" என்றார். அத்தையின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, மாமாவுக்கு இந்த இடம்தானா கிடைக்க வேண்டும்!

கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய எஸ்டேட் பங்களா அது. உள்ளே நுழைந்ததும் ஆள் உயரச் செம்பு அண்டா ஒன்று. அதன் மூடியிலிருந்து மூங்கில் குழாய் இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருந்த ஒரு குடத்துக்குள் போனது. பூவையும் வேரையும் அண்டாவில் போட்டு அவித்தால், ஆவி குழாய் வழியாக வந்து குளிர்ந்து, குடத்தில் தைலமாக மிதக்கும் என்று அங்கிருந்த மலையாளத்து மனிதர் சொன்னார். எல்லோரும் அவரைச் "சேட்டன்" என்றார்கள். ஒட்டகத் தோலில் செய்த அத்தர்க் குப்பிகள், சந்தனத் தூள், கட்டுக் கட்டாக வெட்டிவேர், எலுமிச்சைப்புல் தைலம் எல்லாம் வரிசையாக இருந்தன. எனக்கோ திருவிழாவில் தொலைந்துபோன மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் மூக்கைத் திருப்புவது என்றே தெரியவில்லை.

சேட்டன் ஒரு காகிதக் கீற்றைச் சீசாவில் முக்கி, கல்யாணப் பெண் என்பதால் அத்தையிடம்தான் நீட்டினார். "மோளே, இது என்னன்னு சொல்லு பாப்போம்." அத்தை அதை மூக்குக்குக் கொண்டுபோய்விட்டு, எனக்குக் காட்டுவதுபோலக் குனிந்தாள். "ரோஜா" என்று முணுமுணுத்தேன். "ரோஜா" என்றாள். அடுத்தது சந்தனம். அதற்கடுத்தது வெட்டிவேர். மாமாவுக்கு ஒரே பெருமை. நான்காவது கீற்றை மோந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழையில் நனைந்த மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாசனை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பேச்சியம்மா சிரித்தார். "என்னாத்தா, எல்லாத்துக்கும் புள்ளகிட்டயே குனியிற? ஒனக்கு மூக்கு இல்லயா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். சிரித்து மழுப்பியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் அத்தை கீற்றை மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இல்லத்தே. காய்ச்சல்ல படுத்ததுலருந்து எனக்கு ஒரு வாசமும் தெரியல. இந்தப் புள்ளதான் சொல்லிக் குடுத்துச்சு. ஒங்ககிட்ட மறச்சிட்டோம். எனக்கு அது பிடிக்கல. வேணாம்னா இப்பவே சொல்லிருங்க."

கல்யாணம் இதோடு முடிந்தது, பெயர் தெரியாத என்னால்தான் முடிந்தது என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமாதான் முதலில் பேசினார். தன் சட்டையைத் தானே ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டு, "ஒர்க் ஷாப்லருந்து வீட்டுக்கு வந்தா மேலெல்லாம் கிரீசும் டீசலுமா வீசும். எனக்கு இதவிடப் பொருத்தமான பொண்ணு எங்கன கெடைக்கும்?" என்றார். சேட்டன் சிரித்துவிட்டார். பேச்சியம்மா சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுவிடுவென்று அடுத்த அறைக்குள் போனார், போன வேகத்தில், "ஆத்தாடி, என்னா நாத்தம்!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

அந்தச் சின்ன அறையில் மாட்டுக் கொம்பு ஒன்றில் பச்சைப் புனுகை அடைத்து வைத்திருந்தார்கள். புனுகுப் பூனையிடமிருந்து எடுப்பது. துளியூண்டு சேர்த்தால் அத்தர் நாள்கணக்கில் நின்று மணக்குமாம், ஆனால் மொத்தமாக இருக்கும்போது யாராலும் கிட்டே நிற்க முடியாது என்றார் சேட்டன். நான் வாசலிலேயே குமட்டிக்கொண்டு நின்றேன். அத்தை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்க முடியாமல், நேரே உள்ளே போய்விட்டாள்.

போனவள் அப்படியே நின்றாள். "ஆத்தா," என்றாள் மெதுவாக. "இங்கன ஏதோ... ஏதோ வருது."

கொம்பின்மேல் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்தாள். பிறகு பங்களாவே அதிரும்படி கத்தினாள்: "நாறுது! அத்தே, நாறுது! அய்யோ, நல்லா நாறுது!"

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, வாய் முழுக்கச் சிரிப்போடு அவள் நின்ற கோலம் இன்றைக்கும் என் கண்ணிலேயே இருக்கிறது. "எல்லாரும் ஓடுற ரூம்ல இந்த மோள் மட்டும் நின்னு சிரிக்குது" என்று சேட்டன் வாய்பிளந்தார். பேச்சியம்மா மூக்கைப் பொத்திய முந்தானையை எடுத்துவிட்டு அறைக்குள் போய், அந்த நாற்றத்துக்கு நடுவிலேயே அத்தை தோளைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவா? எப்பிடி இருக்கு, சொல்லு" என்றார். "பூன மூத்திரம் மாதிரி இருக்கத்தே" என்றாள் அத்தை. அவ்வளவுதான், இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணாடிச் சீசாக்கள் கிணுகிணுத்தன.

மலையிறங்கும்போது பேச்சியம்மா சொன்னார்: "மூக்கு வந்துருச்சேன்னு சொல்றேன்னு நெனைக்காத. நீ நெசத்தச் சொன்னயே, அப்பவே நான் முடிவு பண்ணிட்டேன். ஒங்கண்ணன் மதினி மேலதான் கோவம், அதான் பேச்சு வரல." அத்தை மூக்கை ஜீப்புக்கு வெளியே நீட்டி, லோயர் கேம்ப் வரைக்கும் காற்றைத் தேடிக்கொண்டே வந்தாள்.

மற்ற வாசனைகள் உடனே வந்துவிடவில்லை. மண்ணெண்ணெய் வந்தது, பிறகு மாட்டுச் சாணி, பிறகு மாமாவின் டீசல். மல்லிகை வந்து சேரக் கல்யாணம் முடிந்து வெகுகாலம் ஆனது. பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணம்தான் என்று பிற்பாடு பள்ளியில் படித்தபோது, வகுப்பில் நான் ஒருத்தி மட்டும் அதில் ஆச்சரியப்படவில்லை.

இப்போது தேனியில் வேலை, தேனியிலேயே வீடு. போன வைகாசியில் அத்தையும் மாமாவும் நானும் குமுளிக்குப் போயிருந்தோம். அந்தப் பங்களா இல்லை. செம்பு அண்டாவும் அத்தர்க் குப்பிகளும் எங்கே போயின என்று கடைத்தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் கண்ணாடி பதித்த லாட்ஜ் ஒன்று நின்றது. உள்ளே ஏசி குளிரும் தரை துடைத்த மருந்தும் தவிர எந்த வாசனையும் இல்லை. வரவேற்பில் இருந்த இளைஞன், "ரூம் வேணுமாம்மா?" என்று கேட்டான்.

"வேணாம்ப்பா," என்றாள் அத்தை. "இங்கன ஒரு நாத்தம் இருந்துச்சு. அதக் கும்புட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."