கை காட்டினால் நிறுத்துகிறவர்

பஸ் டிப்போவில் நேரம் பார்த்து வண்டி அனுப்புகிற வேலை அவருக்கு. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே 'கடிகாரம்'தான். ஒரு நிமிஷம் முந்தவும் மாட்டார், பிந்தவும் மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் டிப்போ மேனேஜர் மாதம் இரண்டு தடவையாவது கூப்பிட்டு நிற்க வைத்துக் கிழித்தார். எதற்கு என்கிறீர்கள்? வண்டியைத் தாமதமாக அனுப்புவதற்கு!

விசில் வாயில் இருக்கும். ஏழு ஐம்பது வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியில் யாராவது கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் போச்சு. அந்த ஆள் மூச்சு வாங்க வந்து படியில் கால் வைக்கிறவரை விசில் ஊதாது.

"கை காட்டுறவனுக்கெல்லாம் வண்டிய நிறுத்தி வெச்சா, நான் நடத்துறது டிப்போவா, சத்திரமா?" என்பார் மேனேஜர்.

"சரிங்க சார்" என்பார் இவர். மறுநாளும் அதே கதைதான். ஏன் இப்படி என்று மேனேஜரும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை.

டிப்போவுக்குப் பின்தெருவில், மூன்றாவது மாடியில், ஒன்றரை அறை வீடு. மனைவி போய் எட்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகுட்டி கிடையாது. ஒரு தட்டு, ஒரு டம்ளர். கழுவிக் கவிழ்த்தால் அன்றைய நாள் முடிந்தது. பக்கத்து வீட்டு டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். சொந்தமாக ஒன்று வாங்கலாம்தான். வாங்கினால் பக்கத்து வீட்டில் ஆட்கள் சிரிப்பது கேட்காதே! தனிமை அவரைப் போட்டுத் தின்றுகொண்டிருந்தது, மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது.

அவருக்கென்று மிச்சம் இருந்தது ஆறு பேர். பழைய பட்டாளத்து ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முறை வைத்துக்கொண்டு, ஒரு வாரம் ஒருத்தராக ஃபோன் பண்ணுவார்கள். வருஷத்தில் ஒரு நாள், குளிர்காலத்தின் அந்தத் தேதிக்கு, ஆறு பேரும் எங்கே இருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் அலமாரியிலிருந்து ஏழு தட்டு இறங்கும். அது அவர்கள் பனிமலையிலிருந்து உயிரோடு இறங்கிய நாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய கதை. மலை உச்சியில், மேல் முகாமில் இரண்டு பேர் காவல் இருந்தார்கள். அவர்களுடைய வயர்லெஸ் பேட்டரி தீர்ந்துபோயிற்று. 'பேட்டரி இரண்டு, மேல் முகாமில் ஒப்படைக்கவும்' என்று உத்தரவு வந்தது. இவரும் ஆறு பேரும் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ஏழு பேரில் இளையவனான 'சின்னவனு'க்குக் கை விறைத்துக் கறுக்கத் தொடங்கியது. இவர் திரும்பச் சொல்லிவிட்டார். ஏழு பேரும் பிழைத்தார்கள். சின்னவனுக்கு மூன்று விரல் போனதோடு சரி. பனி சரியப்போகிறது, உடனே இறங்குங்கள் என்று கீழேயிருந்து மேல் முகாமுக்குக் கத்திக்கொண்டே இருந்தார்கள். பேட்டரி இல்லாத வயர்லெஸில் யார் காதில் விழும்? மூன்றாம் நாள் பனி சரிந்து முகாமை மூடியது. இருவரும் போய்விட்டார்கள்.

விசாரணை நடத்திய மேஜர் நல்ல மனிதர். "முகாம் இன்னும் மூணு மணி நேரத் தூரம். புயல்ல எதுவும் தெரியல. அப்படித்தானே?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ஆமா சார்" என்று இவர் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் ஆறு பேருக்கும் இவர் தெய்வம் மாதிரி. வருஷா வருஷம் சாப்பிட உட்கார்ந்ததும், அவர்களில் இப்போது லாரி ஓட்டுகிறவர் ஆரம்பித்துவிடுவார். "குடுத்த வேலை பெருசா, கூட வந்த ஆள் பெருசான்னு பெரிய பெரிய ஆபீசரெல்லாம் மண்டைய ஒடச்சுக்கிறாங்க. எங்க அண்ணன் ஒரே நிமிஷத்துல முடிவு பண்ணாரு. ஆள்தான் பெருசு!" மற்றவர்கள் தட்டைத் தட்டுவார்கள். இவர் தலையைத் தூக்க மாட்டார். மேலே இருந்த இரண்டு பேர் மட்டும் ஆள் இல்லையா என்று கேட்க வாய் வரும், விழுங்கிவிடுவார். உத்தரவில் பேட்டரி என்றுதானே எழுதியிருந்தது.

இந்த வருஷம் லாரிக்காரர் வாயைத் திறப்பதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி, தோளில் பையோடு நின்றாள்.

"மேல் முகாம்ல காவல் இருந்தாங்களே ரெண்டு பேரு, அதுல ஒருத்தரோட பொண்ணுங்க நான். பட்டாளத்து ஆபீஸ்ல விலாசம் குடுத்தாங்க."

ஆறு பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அம்மா போன மாசம் தவறிட்டாங்க. அப்பாவோட பெட்டிய அப்பதான் தொறந்தேன்." பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தாள். "பனிக்குள்ள அவரோட கெடைச்சது. அம்மா யாருக்குமே காட்டினதில்ல. ஒரு எடத்துல மட்டும் பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்காங்க."

படித்தாள். 'நாலு மணி. பனி கொஞ்சம் விட்டது. எதிர் மேட்டில் ஒரு ஆள் தெரிந்தான். எழுந்து நின்று கை காட்டினேன். பார்த்தானோ இல்லையோ.'

"இத்தனை வருஷமா அம்மா இதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. யாராவது பார்த்தீங்களா?"

"யாரும்மா பார்க்கிறது?" என்றார் லாரிக்காரர், பாவம், ரொம்பக் கனிவாக. "நாங்க மூணு மணி நேரத் தூரத்துல இல்ல நின்னோம்! மூக்குக்கு முன்னால நீட்டின கை தெரியல. அந்தப் பனியில கண்ணு ஏமாத்தும்மா. இல்லண்ணே?"

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். ஒரு தலையாட்டல் போதும். அந்தப் பெண் படியிறங்கிப் போய்விடுவாள், ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஃபோன் அடிக்கும்.

அன்றைக்கு ஆறு பேரும் மேட்டுக்குக் கீழே குனிந்து சின்னவன் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பத்தடி மேலே ஏறிப் பார்த்தார். புயல் சட்டென்று விட்டது. எதிரே சிவப்புத் தகரக் கூரை. நடுவில் ஒரே ஒரு செங்குத்துப் பள்ளம், கயிற்றைப் பிடித்து இறங்கி ஏற வேண்டும். பிடிக்கச் சின்னவனுக்குக் கை இல்லை. பாதிப் பேரை அனுப்பலாமென்றால் இருந்ததே ஒரே கயிறு. விட்டுவிட்டுப் போனால் அவன் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போவான். கூரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் எழுந்து நின்று கையைத் தூக்கினார். இவர் கீழே இறங்கி வந்து, "ஒண்ணும் தெரியல, திரும்புங்க" என்றார்.

"பார்த்தேன்மா" என்றார் இப்போது. "நல்லாப் பார்த்தேன். நாப்பது நிமிஷத் தூரம்தான். உங்கப்பா கை காட்டினாரு. நான் காட்டல. காட்டினா வர்றேன்னு அர்த்தமாயிடும்."

சின்னவன் தன் இரண்டு விரல் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனான். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் கிளம்பினார்கள். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டவர் ஒருவர்தான். லாரிக்காரர் அதுவும் சொல்லவில்லை.

அந்தப் பெண் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கோவமாம்மா?"

"ஆமா. இல்லாம இருக்குமா?" என்றாள். பிறகு, "அதுக்குக் கீழயும் எழுதியிருக்காரு" என்று மறுபடி நோட்டைப் பிரித்தாள். 'சரிவில் கயிற்றோடு இறங்கிப் போகிறார்கள். எண்ணினேன். ஏழு பேர். பனி மறைக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தரும் விழவில்லை.'

ஹவில்தார் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மனைவி போனபோதுகூட அப்படி அழவில்லை. அவள் எழுந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். போகும்போது தெருவிலிருந்து மாடியை நிமிர்ந்து பார்த்தாள். இவர் ஜன்னலில் நின்று கையைத் தூக்கினார், அவள் பஸ் ஏறிப் போனபிறகும் இறக்கவில்லை.

ஆறு தட்டுச் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டிக் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த வாரம் சின்னவன் முறை. ஒன்பது அடித்தது, பத்து அடித்தது. ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டிலும் ஊருக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது, சுவர் வழியாகக்கூட ஒரு சத்தமில்லை. பதினொன்றே காலுக்கு ஃபோன் அடித்தது.

"சார்" என்றான் சின்னவன். பத்தொன்பது வருஷமாக அண்ணே என்று கூப்பிட்டவன்.

"சொல்லுடா."

"என் கையாலதானே திரும்பினீங்க?"

"ஆமாடா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல சார்? மேல ஆள் தெரியுது, என்னடா செய்யலாம்னு? என்னை இங்கயே விட்டுட்டு நீங்க போங்கன்னு சொல்லியிருப்பேனே!"

"தெரியும்டா" என்றார் அவர். "அதனாலதான் கேக்கல."

அதற்கப்புறம் வெகுநேரம் இரண்டு பேரும் பேசவில்லை. ஃபோனையும் வைக்கவில்லை.